பாப்பாத்தி அம்மாள் கோவில்
குளோரிந்தா ஆலயம், பாளையங்கோட்டை, 1785

முத்துக்குளித்துறைப் பரதவர் 1536 வாக்கிலேயே கத்தோலிக்க மறையைத் தழுவினர். தாமிரபரணிக் கரையில் சீர்திருத்தத் திருச்சபை வேர்விட்டது அதற்கு ஏறத்தாழ 250 ஆண்டுகள் கழித்து. அதைத் தொடங்கி வைத்தவர் கைம்பெண் ஒருவர்.

தஞ்சாவூர் மராட்டியப் பிராமணக் குடும்பத்தைச் சேர்ந்த அவர், கணவரை இழந்தபின் ஆங்கிலேயப் படை அதிகாரி ஒருவருடன் வாழ்ந்தார். கிறிஸ்தவத்தையும் அவரிடமே அறிந்தார். ஞானஸ்நானம் கேட்டபோது, மணமின்றி வாழ்வதைக் காட்டி மிஷனெரி சுவார்ட்ஸ் மறுத்துவிட்டார். அதிகாரி இறந்தபின், 1778-இல், அதே சுவார்ட்ஸ் அவருக்குக் குளோரிந்தா என்று பெயரிட்டு ஞானஸ்நானம் கொடுத்தார்.

மறுக்கப்பட்டும் மனம் தளராத அந்தப் பெண்ணின் பெயரே 1780-ஆம் ஆண்டுப் பாளையங்கோட்டைச் சபைப் பதிவேட்டில் முதலில் நிற்கிறது. அதில் மொத்தம் 40 பேர், பல சாதியினர். ஒரே ஏட்டில் அவர்கள் சேர்ந்து நின்றதே அன்றைக்குப் பெரிய செய்தி.

உங்கள் முன் நிற்கும் இச்சிறு ஆலயத்தைக் குளோரிந்தா எழுப்பினார். 1785-இல் சுவார்ட்ஸ் பிரதிஷ்டை செய்தார். இங்கு உபதேசியாராக உழைத்த சத்தியநாதன் 1790-இல் தஞ்சாவூரில் குருப்பட்டம் பெற்றார். 1799-இல் புதுக் கிறிஸ்தவர்களுக்காக முதலூர் என்னும் ஊர் உருவானது. 1820-இல் மிஷனெரி ரேனியஸ் வந்தபின் ஊர் ஊராகச் சபைகளும் பள்ளிகளும் பெருகின.

ஆலயத்தை ஒட்டியுள்ள கல்லறையில் குளோரிந்தா துயில்கிறார். ஞானஸ்நானப் பெயர் ஏட்டில் இருக்க, ஊர் மக்கள் நாவில் இன்றும் அவர் பாப்பாத்தி அம்மாள்தான். சற்று நேரம் அமைதியாக நின்று செல்லுங்கள்.