கலை வரலாறும் சினிமாவும் சேர்த்துப் படிப்பது: பெற்றோர் தெரிந்துகொள்ள

டிகிரி முடிக்கப் போகும் நம் பிள்ளைகளில் சிலர் வீட்டில் ஒரு புதுப் பேச்சை எடுக்கிறார்கள். கலை வரலாறும் சினிமாவும் சேர்த்து எம்.ஏ. படிக்கப் போகிறேன் என்கிறார்கள். மகன் கோடம்பாக்கத்துக்குக் கிளம்பிவிட்டான் என்று வாப்பா நினைக்கிறார். என்ன வேலை கிடைக்கும், சம்பந்தம் பேச வருகிறவர்களிடம் என்ன சொல்வது என்று உம்மா கேட்கிறார். இரண்டும் நியாயமான கவலைகள்தான். ஆனாலும் படிப்பு இன்னதென்று தெரியாமலே வேண்டாம் என்றுவிடக் கூடாது என்பதற்காக, நமக்குத் தெரிந்ததை இங்கே எழுதுகிறோம்.

முதலில் ஒன்று. இது படம் எடுக்கக் கற்றுத்தரும் படிப்பு இல்லை. கேமரா பிடிக்கவும் நடிக்கவும் தனிப் பயிற்சி நிலையங்கள் இருக்கின்றன. இங்கே மாணவர் செய்வது பார்ப்பது, படிப்பது, எழுதுவது. ஓர் ஓவியத்தையோ கட்டடத்தையோ திரைப்படத்தையோ எடுத்துக்கொண்டு, யார் யாருக்காகச் செய்தார்கள், பணம் யாருடையது, எதைக் காட்டி எதை மறைத்தார்கள் என்று ஆதாரத்தோடு கட்டுரை எழுத வேண்டும். சரித்திரம் படிப்பது போலத்தான். இங்கே பத்திரத்துக்கும் கல்வெட்டுக்கும் பதில் படம்தான் ஆவணம்.

இரண்டையும் ஏன் சேர்க்க வேண்டும்? அக்பர் காலத்து ஹம்ஸாநாமாவைப் பாருங்கள். அமீர் ஹம்ஸா (ரலி) அவர்களின் பெயரில் வழங்கிய வீரக் கதைகளுக்கு, துணியில் பெரிய பெரிய ஓவியங்களாக ஏறக்குறைய 1,400 படங்கள் தீட்டினார்கள். 1562 வாக்கில் தொடங்கிய வேலை முடிய 15 ஆண்டுகள் ஆயின. படம் ஒரு பக்கம், கதை எழுத்து மறுபக்கம். சபையோருக்குப் படத்தைக் காட்டியபடியே ஒருவர் கதையை வாசித்திருப்பார் என்பது ஆய்வாளர்கள் கருத்து. படம் மாறமாறக் கதை நகர்கிறது, கூடவே குரல் வருகிறது. சினிமா பிறப்பதற்கு முந்நூறு ஆண்டுகளுக்கு முன்பே இந்த ஏற்பாடு! இன்று மிஞ்சியவை இருநூறு கூட இல்லை. 1881ல் ஸ்ரீநகரில் சில படங்கள் வீட்டு ஜன்னலை மறைக்கத் தொங்கிக்கொண்டிருந்த நிலையில் கிடைத்தன. அவை இப்போது லண்டன் விக்டோரியா ஆல்பர்ட் மியூசியத்தில் இருக்கின்றன.

எதிர்ப்பக்கம் இருந்தும் பார்க்கலாம். ஈரானிய இயக்குநர் அப்பாஸ் கியாரஸ்தமி டெஹ்ரான் பல்கலைக்கழகத்தில் ஓவியம் படித்தவர். அவர் மறைந்த பிறகு 2017ல் வெளிவந்த கடைசிப் படம், புரூகல் 1565ல் வரைந்த பனிக்கால வேட்டைக்காரர்கள் ஓவியத்தில் தொடங்குகிறது. அசையாத ஓவியத்தில் மெல்லப் புகை கிளம்புகிறது, பனி விழுகிறது. ஓவியர் பிடித்த அந்த நொடிக்கு முன்னும் பின்னும் என்ன நடந்திருக்கும் என்பதுதான் அந்தப் படம் கேட்கும் கேள்வி. ஓவிய வரலாறு தெரியாதவருக்கு அதில் பாதிதான் புரியும்.

இனி, எங்கே படிப்பது? நம் நாட்டில் இரண்டையும் ஒரே கூரையின் கீழ் படிக்க நாம் முதலில் சொல்வது டெல்லி ஜவஹர்லால் நேரு பல்கலைக்கழகம். 2001ல் தொடங்கிய கலை மற்றும் அழகியல் பள்ளியின் இரண்டாண்டு எம்.ஏ.வில் ஓவியம் சிற்பம், சினிமா, நாடகம் மூன்றும் உண்டு. பி.காம். படித்தவரும் பி.எஸ்ஸி. படித்தவரும் விண்ணப்பிக்கலாம். தனித்தனியாகப் படிப்பதென்றால் சினிமாவுக்குக் கொல்கத்தா ஜாதவ்பூர், கலை வரலாற்றுக்குப் பரோடா. டெல்லி ஜாமியா மில்லியாவிலும் கலை வரலாற்றுக்குத் தனித் துறை இருக்கிறது.

உருவப்படமும் சினிமாவும் பற்றிய மார்க்கக் கேள்விக்குப் பதில் சொல்ல நாம் தகுதியானவர்கள் இல்லை. உங்கள் ஊர் ஆலிமிடம் கேளுங்கள். கேட்கும்போது பாடத்திட்டத்தையும் கையில் கொண்டுபோங்கள். அரபு எழுத்தணியும் பள்ளிவாசல் கட்டடக் கலையும்கூட கலை வரலாற்றுக்குள் வருகின்றன என்பதை அவரும் பார்க்கட்டும்.

நம் சமுதாயத்துக்கு இதில் ஒரு சொந்தத் தேவையும் இருக்கிறது. கீழக்கரை, காயல்பட்டினத்துப் பழைய பள்ளிவாசல்களின் கல்தூண்களைப் பாருங்கள். கோயில் கட்டிய அதே மரபுச் சிற்பிகளின் கைவேலை. ஆனால் உருவம் இல்லை, பூவும் கொடியும் கோலமும்தான். தென்னிந்திய முஸ்லிம் கட்டடக் கலை பற்றி 2003ல் விரிவான நூல் எழுதியவர் மெஹர்தாத் ஷொகூஹி. ஈரானிய வழி வந்த அறிஞர் அவர். நாமோ இடம் போதவில்லை என்று தூணைப் பெயர்த்துவிட்டு டைல்ஸ் ஒட்டுகிறோம். இடிக்கும் முன் அளந்து, படமெடுத்து, எழுதிவைக்கத் தெரிந்தவர்கள் ஜமாஅத்தில் எத்தனை பேர்? சினிமா விஷயமும் இப்படியே. நம்மைத் தப்பாகக் காட்டுகிறார்கள் என்று ஒவ்வொரு படம் வரும்போதும் வருத்தப்படுகிறோம், அறிக்கை விடுகிறோம். எந்தக் காட்சியில், எந்த இசையோடு, எந்தக் கோணத்தில் அது செய்யப்படுகிறது என்று மறுக்க முடியாதபடி எழுதிக்காட்ட, படித்த ஒருவர் வேண்டும்.

வேலையைப் பற்றி மறைக்காமல் சொல்லிவிடுகிறோம். இன்ஜினியரிங் போல வளாகத் தேர்வு கிடையாது. மியூசியம், ஆவணக் காப்பகம், பதிப்பகம், பத்திரிகை, திரைப்பட விழா, கல்லூரி ஆசிரியர் பணி என்று வாய்ப்புகள் சிதறிக் கிடக்கின்றன. தேடித்தான் போக வேண்டும். முதல் தமிழ்ப் பேசும் படமான காளிதாஸ் (1931) ஒரு பிரதிகூட மிஞ்சாமல் அழிந்தது. பழைய படங்களைக் காப்பாற்றும் வேலைக்கு ஆள் தேவைப்படுவதற்கு இந்த ஒன்றே சாட்சி. யு.ஜி.சி. நெட் தேர்வில் காண்கலைப் பாடத்தில் கலை வரலாறும் உண்டு. அதில் ஜே.ஆர்.எஃப். பெற்று ஆய்வில் சேர்ந்தால் மாதம் 37,000 ரூபாய். சிறுபான்மை மாணவருக்கு இருந்த மௌலானா ஆசாத் ஆய்வு உதவித்தொகையை 2022ல் நிறுத்திவிட்டதால், இந்தத் தேர்வை இப்போது கூடுதல் அக்கறையோடு எழுத வேண்டும். வீட்டில் உடனடி வருமானம் தேவையென்றால், இந்தப் படிப்பைச் சற்றுத் தள்ளிவைப்பதே நல்லது என்பது எங்கள் அபிப்பிராயம்.

ஜே.என்.யு.வில் ஆண்டுக் கல்விக் கட்டணம் சில நூறு ரூபாய்தான். விடுதிச் சாப்பாடும் ரயில் செலவும் டெல்லிக் குளிருக்கான கம்பளியுமே உண்மையான செலவு. பாடம் முழுதும் ஆங்கிலத்தில். தமிழ் வழியில் படித்த பிள்ளைகள் இப்போதிருந்தே தினமும் ஆங்கிலத்தில் ஒரு பக்கமாவது எழுதிப் பழக வேண்டும். சென்னை போனால் எழும்பூர் மியூசியத்தில் ஒரு நாள் முழுக்க நின்று பார்க்கலாம்; ஊரில் இருந்தால் நம் பழைய பள்ளியின் ஒரே ஒரு தூணை மட்டும் பார்த்து இரண்டு பக்கம் எழுதலாம். எழுத எழுத அலுப்புத் தட்டினால், படிப்பு தனக்கு ஒத்துவராது என்று பிள்ளையே சொல்லிவிடும்.

சேர்க்கை சி.யு.இ.டி. முதுநிலைத் தேர்வு வழியாக. அறிவிப்பு வழக்கமாக டிசம்பர், ஜனவரியில் வரும். தேர்வு மார்ச் வாக்கில். எந்தத் தாள், எத்தனை சதவீத மதிப்பெண் என்பதை அந்தந்த ஆண்டுக் கையேட்டில் பார்த்தே நிரப்புங்கள். ஆன்லைனில் நிரப்பத் தெரியாதவர்கள் மார்க் ஷீட், ஆதார், புகைப்படத்தோடு அஸருக்குப் பிறகு நம் அலுவலகத்துக்கு வாருங்கள். கூடவே வாப்பாவோ உம்மாவோ வந்தால் நல்லது.