ஆவி தோன்றாத வீட்டில் ஹம்லெற்

ஏறத்தாழ நானூறு ஆண்டுகளுக்கு முன்னர் தேம்ஸ் நதியின் தென்கரையில், குளோப் அரங்கின் நாடகக் குழுவினர் நடித்த ‘ஹம்லெற்’, இன்று இலண்டனில் வாழும் தெற்காசியக் குடும்பமொன்றின் கதையாகத் திரைக்கு வந்துள்ளது. அனீல் கரியா நெறிப்படுத்த, றிஸ் அகமட் நடித்த இப்படம் 2025இல் முதன்முதலாகத் திரையிடப்பட்டது. இதில் எல்சினோர் டென்மார்க்கின் கோட்டையன்று. கட்டட நிறுவனமொன்றின் பெயர். அரசுரிமையின் இடத்தைச் சொத்துரிமை பிடித்துக்கொண்டது. உரையாடல் மட்டும் சேக்ஸ்பியருடையதே.

இதற்குப் பதினோராண்டுகளுக்கு முன், 2014இல், விஷால் பரத்வாஜ் தமது ‘ஹைதர்’ என்னும் இந்திப் படத்தில் இந்நாடகத்தை 1995ஆம் ஆண்டின் காஷ்மீருக்குக் கொண்டுசென்றார். காஷ்மீரப் பத்திரிகையாளர் பஷாரத் பீர் அவருடன் இணைந்து திரைக்கதை எழுதினார். போராளித் தலைவர் ஒருவருக்குச் சிகிச்சையளித்த மருத்துவரை இராணுவம் பிடித்துச் செல்கிறது. அவரது வீடு தகர்க்கப்படுகிறது. ஊர் திரும்பிய மகன் தந்தையைத் தேடி அலைகிறான். தாயோ மனைவியுமல்லள், கைம்பெண்ணுமல்லள், ‘அரை விதவை’.

மூல நாடகத்தின் முதலாம் அங்கத்திலேயே தந்தையின் ஆவி தோன்றி, தான் கொல்லப்பட்ட விதத்தைக் கூறிவிடுகிறது. தந்தை இறந்துவிட்டார் என்பதில் ஹம்லெற்றுக்கு ஐயமில்லை. ஹைதருக்கு நெடுநேரம் அதுவே தெரியாது. இருப்பா இன்மையா என்ற புகழ்பெற்ற வினா, இங்கே காணாமற் போன தந்தையைப் பற்றிய வினாவாகிவிடுகிறது. இவ்விரு படங்களுள் நம்மவர் நெஞ்சுக்கு அண்மையானது எது என்பதை விளக்கவேண்டியதில்லை. காணாமல் ஆக்கப்பட்டோரின் உறவினர் 2017 பெப்ரவரி 20ஆம் நாள் கிளிநொச்சியில் தொடர் போராட்டம் தொடங்கினர். அவ்வாறு வீதியோரம் அமர்ந்த பெற்றோருட் பலர் விடையறியாமலே கண்மூடினர். அவர்கள் வீட்டில் எந்த ஆவியும் வந்து உண்மை உரைக்கவில்லை.

முடிவிலும் ஹைதர் மூலத்தினின்று விலகுகின்றான். ஹம்லெற் சிற்றப்பனைக் கொல்கிறான்; ஹைதர் உயிருடன் விட்டுச் செல்கிறான். சேக்ஸ்பியருக்கு இழைத்த துரோகமென்று இதனைக் கொள்வதற்கில்லை. பழி தீர்த்தல் துயரைத் தீர்க்குமா என்பதே அந்நாடகம் எழுப்பிய கேள்வி. விடையை ஒவ்வொரு காலமும் தானே தேடவேண்டும்.

நம் மண்ணின் சுவாமி விபுலாநந்தர் 1926இலேயே ‘மதங்க சூளாமணி’ மூலம் சேக்ஸ்பியரைத் தமிழ் நாடக மரபோடு வைத்து ஆராய்ந்தார். இலண்டனில் வளரும் நம் பிள்ளைகளும் பாடசாலையில் இந்நாடகங்களைக் கற்கின்றனர். பரீட்சைக்கு அப்பால், அவற்றைத் தம் பாட்டியின் கதையோடு பொருத்திப் பார்க்க அவர்களுக்கு எவரேனும் வழிகாட்டவேண்டும். அக்கதையை நாம் சொல்லாவிடின், படமெடுக்க அவர்களிடம் கமெரா இருக்கும், கதை இராது.