யார் வேலை வீண்?

பெரிய கங்காணி கொழுந்து பறித்ததில்லை, கவ்வாத்து வெட்டியதில்லை. ஆயினும் அவருடைய ஆட்கள் வேலைக்கு வந்த நாளெல்லாம் தலைக்கு இவ்வளவு என்று காசு பெற்றார். தமிழகத்திலிருந்து ஆள் திரட்டிய காலத்தில் அதற்கொரு காரணம் இருந்தது. பிள்ளைகள் லயத்திலேயே பிறந்து பேர் பதிந்தபின் என்ன காரணம்? கடன்தான். கடனைக் குறித்த துண்டு இல்லாமல் வேறு தோட்டம் போக முடியாது. துண்டு முறை 1921இல் சட்டப்படி ஒழிந்தது. கங்காணியோ அதன்பின்னும் நீடித்தார்.

பொல்பிட்டியப் பக்கத்துத் தோட்டமொன்றில், கணக்குப் பார்ப்பவர் ஒருவர் பிள்ளைக்காம்பரா ஆயாவைத்தான் வீண்செலவு என்றார். ஆயா வராத அன்று எத்தனை தாய்மார் மலைக்குப் போகாமல் நின்றார்கள் என்று கேட்டோம். அந்தக் கணக்கு அவரிடம் இல்லை.

நிலத்தை விட்டு வந்து கூலிக்கு நிற்கும் குடும்பங்களே, ஆள் பிடித்துக் கொடுத்தவர் உங்கள் நாட்கூலியில் இன்னமும் பங்கு எடுக்கிறாரா? இன்று அவர் செய்யும் வேலை என்னவென்று கேளுங்கள். தனியாகக் கேட்க வேண்டாம்; நாலு பேராகப் போய்க் கேளுங்கள்.