குறுங்கம்பியின் தற்றூண்டல்

தற்றூண்டல் சுருள்களுக்கே உரியதென்பர் பலர். நேர்க்கம்பிக்கும் அஃது உண்டு. ஓட்டம் மாறுங்கால் கம்பியைச் சூழ்ந்த காந்தப்புலமும் மாறி, அம்மாற்றத்தை எதிர்க்கும். அதனைக் கணிக்கும் முறையை அமெரிக்க அறிஞர் எட்வர்டு ரோசா 1908இல் விளக்கி வெளியிட்டார். நீளத்தின் நான்மடங்கை விட்டத்தால் வகுத்து, இயற்கை மடக்கை கண்டு, முக்காலைக் கழித்து, சென்டிமீட்டரில் அளந்த நீளத்தின் இருமடங்கால் பெருக்குக. விடை நானோஹென்றியில் அமையும்.

10 செ.மீ. நீளமும் 1 மி.மீ. விட்டமுமுள்ள செப்புக்கம்பிக்கு 105 வரும். விட்டத்தை இரட்டித்தாலும் 91. செம்பு நான்மடங்கு செலவாயிற்று, பயனோ சிறிதே! நீளத்தைப் பாதியாக்கின் 45.

மிகுவிரைவில் அலையும் ஓட்டம் கம்பியின் புறத்தே செல்லுமாதலின், முக்காலுக்கு ஈடாக ஒன்றைக் கழித்தல் வேண்டும். நேரோட்டத்திற்கு ஓர் ஓமின் ஆயிரத்தில் இரு பங்கே தடையான அப்பத்து செ.மீ. கம்பி, நொடிக்கு 10 கோடி முறை அலையும் ஓட்டத்தை ஏறக்குறைய 63 ஓம் அளவு தடுக்கும். ஓட்டம் மீளும் கம்பி அணித்தாயின் இம்மதிப்புக் குறையும்.