பனி நிலத்துத் தோட்டம்

நிலமும் பொழுதும் முதற்பொருள் என வகுத்தார் தொல்காப்பியர். மரமும் புள்ளும் உணவும் தொழிலும் அவற்றின் பின்னரே வருவன. அவை நிற்பதற்கு ஓரிடமும் நிகழ்வதற்கு ஒரு காலமும் முன்னர் வேண்டும் அன்றோ? இவ்விரண்டையும் அப்பெரியார் பிரியாது ஒருங்கு வைத்தமை ஆழ்ந்து சிந்திக்கத் தக்கது. நிலம் மாறின் பொழுதும் மாறும். ஆதலின், பிறந்த நிலத்தை விட்டுப் பெயர்ந்தவன் இடத்தோடு தன் காலத்தையும் இழந்தவனாகின்றான்.

இதனை யான் ஏட்டிற் பலகாற் படித்தும் பாடஞ் சொல்லியும் வந்தவன். கார், கூதிர், முன்பனி, பின்பனி, இளவேனில், முதுவேனில் என மாணாக்கர் பிழையின்றி ஒப்புவிப்பர். ஆயின், யாழ்ப்பாணத்தில் நாம் காணும் பனி, மார்கழி விடியலிற் புல்நுனியில் நின்று வெயிலேறக் கரைந்து போவது. நீர் கல்லாகி, மண் பாறையாகும் பனியை யாம் அறியோம். கனடாவில் ரொறன்ரோ நகரில் வாழும் என் தமக்கையார் வீட்டில் ஓராண்டு தங்கியபோதே அதனைக் கண்ணாரக் கண்டேன்.

என் அத்தான் வலிகாமத்துச் செம்மண்ணில் உழைத்த கமக்காரர். 1995 ஆம் ஆண்டு இடப்பெயர்வோடு ஊரை விட்டவர். கனடா சேர்ந்த பின்னர்ப் பல ஆண்டுகள் அவர் மண்ணைத் தொடவேயில்லையாம். தை மாதத்தில் யன்னலருகே நின்று, "இப்ப ஊரிலை புகையிலைக்கு இறைப்பு நடக்கும்" என்பாராம். யன்னலுக்கு வெளியே முழங்காலளவு பனி. உடல் ஒரு நிலத்திலும் பொழுது மற்றொரு நிலத்திலுமாக அவர் வாழ்ந்தார்.

அவரை மீட்டவர் அயல்வீட்டு இத்தாலிய முதியவர். அந்நகரத்து இத்தாலியருட் பலர், தம் தாயகத்து மரமாகிய சீமையத்தியைத் தத்தம் வளவில் வளர்க்கின்றனர். அந்நாட்டுக் கடுங்குளிரை அம்மரம் தாங்காது. ஆகவே, குளிர் முற்றுமுன் கிளைகளைக் கயிற்றாற் கட்டி, ஒருபக்கத்து வேரை அறுத்து, மரத்தைச் சரித்துக் குழியிற் கிடத்திப் பலகையும் மண்ணும் இட்டு மூடுவர். சித்திரையில் மண்ணை நீக்கி நிமிர்த்துவர். முதன்முறை அதனைக் கண்ட அத்தானுக்குப் பிணம் அடக்குவது போலத் தோன்றிற்றாம். ஆயின், புதைத்த மரம் எழுந்து துளிர்த்தது. ஆவணியிற் பழமும் தந்தது. அவ்வாண்டு ஐப்பசியில் அத்தான் மண்வெட்டியைக் கையில் எடுத்தார். "தம்பி, இது செத்த மண் இல்லை, நித்திரை கொள்ளுற மண்" என்று அவர் என்னிடம் கூறியபோது, ஒரு நூற்பாவுக்கு உரை கேட்டது போல இருந்தது.

யான் அங்கே சென்றது இலையுதிர் காலத்தில். பகல் குறுகக் குறுக, மரங்கள் இலைகளிலுள்ள சத்தை உள்ளே இழுத்துக்கொள்கின்றன. பச்சை கரைகின்றது, அதன் கீழ் மறைந்திருந்த மஞ்சள் வெளிப்படுகின்றது. மேப்பிள் போன்ற மரங்களில் அப்போதே புதிதாகச் செந்நிறமும் பிறக்கின்றது. பின்னர் மரம் காம்பின் அடியை அடைத்து இலையை விடுகின்றது. இலை உதிர்வது மரத்தின் தோல்வியன்று. அது வருங்காலத்துக்குச் செய்யும் சேமிப்பு.

உலகம் உறங்கப் போகும் அவ்வேளையிலேதான் அத்தான் உள்ளி நடுகின்றார். இவ்விந்தையை யான் முதலில் நம்பவில்லை. உள்ளிப்பல் குளிரிற் கிடந்தாலன்றி நன்கு பற்களாகப் பிரியாது. ஒற்றைக் குமிழாகவே நின்றுவிடும். ஐப்பசியில் நட்டது ஆடியில் விளைகின்றது. ரியூலிப் மலர்க்கிழங்கும் அத்தகையதே. ஏறத்தாழ 12 முதல் 16 வாரம் குளிரை உண்ட பின்னரே அது செவ்வனே பூக்கும். மேலே கிடக்கும் பனியோ தன்னுள்ளே காற்றை அடக்கிக்கொண்டு, மண்ணுக்குக் கம்பளி போல உதவுகின்றது. குளிரைக் கொடுமை என்று மட்டும் எண்ணியிருந்த எனக்கு, அதுவும் ஒரு வளர்ப்புத்தாய் என்பது புலனாயிற்று.

ரியூலிப் மலருக்கு அந்நாட்டில் ஒரு வரலாறும் உண்டு. இரண்டாம் உலகப் போரில் நெதர்லாந்தை ஜேர்மனி கைப்பற்றியபோது, இளவரசி யூலியானா 1940 ஆம் ஆண்டு கனடாவில் அடைக்கலம் புகுந்தார். 1943 இல் ஒட்டாவா நகரில் அவருக்கு ஒரு மகள் பிறந்தாள். போர் முடிந்ததும், 1945 இல், நன்றிக்கடனாக 100,000 ரியூலிப் கிழங்குகளை அந்நகருக்கு அவர் அனுப்பிவைத்தார். வைகாசிதோறும் ஒட்டாவாவிற் பூக்கும் அம்மலர்கள், அடைக்கலம் பெற்றவர் அளித்த கைம்மாறு. அரசியாயினும் கமக்காரராயினும், புகுந்த நிலத்துக்குச் செலுத்தத் தக்க கடன் இதுவே போலும்.

பங்குனியில் அத்தான் வீட்டு நிலவறையில் விளக்கொளியின் கீழ் மிளகாய், கத்தரி, தக்காளி நாற்றுக்கள் முளைக்கின்றன. மே 25 ஆம் தேதிக்கு முந்திய திங்கட்கிழமை அங்கே விக்ரோறியா நாள். அதற்கு முன் இளநாற்றை வெளியே நடலாகாது என்பது அவ்வூர்த் தோட்டக்காரர் வழக்கு. பின்வரும் ஓர் இரவுப்பனி அனைத்தையும் கருக்கிவிடக்கூடும். ஆனியிற் பகல் 15 மணி நேரத்துக்கு மேல் நீளும். பயற்றையும் பாவலும் அவ்வொளியைப் பருகி, விரைந்து பந்தரேறுகின்றன. புரட்டாதி வந்ததும் முருங்கையும் கறிவேப்பிலையும் சாடிகளோடு வீட்டினுள் குடிபுகுகின்றன. கிடைக்கும் காலம் நான்கைந்து மாதம். அக்குறுமையே ஒவ்வொரு நாளையும் எண்ணி மதிக்கச் செய்கின்றது.

இன்றும் அத்தான் ஊரை மறந்தாரல்லர். ஊரில் அவரது தோட்டம் பற்றைக்காடாய்க் கிடக்கின்றது. அந்நோவை உள்ளியும் பாவலும் ஆற்றமாட்டா. எனினும், இப்போது அவர் யன்னலருகே நின்றால், "இன்னும் மூன்று கிழமையில் உள்ளி முளை காட்டும்" என்கின்றார். இழந்த பொழுது அவருக்குத் திரும்பவும் கிட்டிவிட்டது. அதனைக் கொடுத்தது நாட்காட்டியன்று; இருபதடி நீளமான ஒரு பாத்தி.

குளிர்நாட்டுச் செய்தி நமக்கு எதற்கு என்பார்க்கு ஒன்று கூறுவேன். நிலம் பெயராது இங்கேயே வாழும் நாமும் பொழுதை இழந்து வருகின்றோம். பெரும்பொழுது ஆறையும் தடையின்றி ஒப்புவிக்கும் மாணாக்கரிடம், "உன் வளவு வேம்பு இவ்வாண்டு எப்போது பூத்தது?" என்று இப்போதெல்லாம் கேட்டு வருகின்றேன். விடை கூறுவோர் மிகச் சிலரே. அன்பர்களே, ஒரு பாத்தியேனும் கொத்துங்கள். முதற்பொருளுக்கு மண் எழுதும் உரை அதிலே கிடைக்கும்.