எடுத்துக் கொடுக்கும் கை

எட்டாம் வகுப்பு மாணவர்கள் சிலர் மதிய இடைவேளையில் ‘ஹைக்யூ’ பற்றியே பேசிக்கொண்டிருந்ததால் நானும் அதைப் பார்த்தேன். ஜப்பானிய மொழியில் அச்சொல்லுக்குக் கைப்பந்து என்று பொருள். ஹருய்ச்சி ஃபுருதாத்தே 2012 முதல் 2020 வரை சிறுவர் வார இதழில் வரைந்த படக்கதை இது. 2014இல் அனிமே தொடராக வந்தது. அதன் முதல் நான்கு பகுதிகள் ஒரு முழுக் கதைபோல அமைந்துள்ளன. ஆசிரியராக அவற்றில் நான் கண்ட நிறை குறைகளைப் பகிர்ந்துகொள்கிறேன்.

உயரம் குறைந்த ஹினாட்டாவுக்குக் கைப்பந்தின் மீது தீராத ஆசை. அவன் படிக்கும் நடுநிலைப் பள்ளியிலோ அணி இல்லை. கடைசி ஆண்டில் மூன்று முதலாமாண்டு மாணவர்கள் சேர்கிறார்கள். வேறு விளையாட்டுகள் ஆடும் இரு நண்பர்களையும் அழைத்து ஆறு பேரைத் தேற்றுகிறான். முதல் போட்டியிலேயே 5-25, 8-25 எனத் தோல்வி. எதிரணியில் பந்தை எடுத்துக் கொடுத்த செட்டர் ககெயாமா, பின்னர் கராசுனோ மேல்நிலைப் பள்ளியில் இவனுக்கே சக வீரனாக வந்து நிற்கிறான்.

சண்டையிடும் இருவரையும் அணித்தலைவன் அரங்கிலிருந்து வெளியேற்றுகிறான். பிறகு, மூவருக்கு மூவர் ஆடும் ஓர் ஆட்டம் வைக்கிறான். தோற்றால், மூன்றாமாண்டு மாணவர்கள் இருக்கும்வரை ககெயாமா செட்டராக ஆட முடியாது. ஒற்றுமை பற்றி அறிவுரை சொல்லாமல், ஒற்றுமை இல்லாமல் செய்யவே முடியாத ஒரு வேலையைக் கொடுத்துவிடுகிறான். குழுச் செயல்பாடு திட்டமிடும் நமக்கு இது நல்ல பாடம். இது முதல் நிறை.

இரண்டாவது நிறை ககெயாமாவின் கதை. முன்பு அவன் தன் வேகத்துக்கு மற்றவர்கள் வர வேண்டும் என்று கத்துவான். ஒருநாள் அவன் எடுத்துக் கொடுத்த பந்தை அடிக்க எவரும் வரவில்லை. பந்து வெறுந்தரையில் விழுந்தது. கராசுனோவில் அவனுடைய திறமையை எப்படிப் பயன்படுத்தலாம் என்று சொல்லித் தருபவன், இவனால் தன் இடத்தையே இழக்கக்கூடிய மூத்த செட்டர் சுகவாரா. அதன்பின் ககெயாமா, ஹினாட்டா குதிக்கும் இடத்துக்கே பந்தைக் கொண்டுசேர்க்கிறான். கண்ணை மூடிக்கொண்டு வீசும் கையில் பந்து வந்து படுகிறது.

அந்தக் காட்சியில் எனக்கு என் மனக்கணக்கு வகுப்பு நினைவுக்கு வந்தது. கேள்வியைச் சொன்னதும் முன்வரிசையில் நான்கு கைகள் உயரும். விடை கிடைத்ததும் அடுத்த கேள்விக்குப் போய்விடுவேன். மற்றவர்கள் ஏன் முயலவில்லை என்று கோபமும் வரும். என் பந்தும் பல நாள் வெறுந்தரையில்தான் விழுந்திருக்கிறது.

குறைகளும் உண்டு. ககெயாமா மாறுவது அபாரமாகத் தாவும் ஒருவனுக்காக. சாதாரணமாக ஆடுபவனுக்காகவும் இப்படி மாறுவானா என்று இப்பகுதிகள் கேட்பதில்லை. ஹினாட்டாவோடு தோற்ற அந்த ஐவரும் கதையிலிருந்து நழுவிவிடுகிறார்கள். நம் வகுப்பில் பெரும்பான்மையினர் அவர்கள்தாம். திட்டுவதும் மட்டம் தட்டுவதும் நகைச்சுவையாகக் காட்டப்படுகின்றன. அணியின் மேலாளராக இருக்கும் மாணவி, பையன்கள் பார்த்து வியக்கும் ஒருத்தியாகவே பெரும்பாலும் நிற்கிறாள். இத்தொடரைப் பற்றி மாணவர்களுடன் பேசும்போது இவற்றையும் பேச வேண்டும்.

நான் ஒரு சிறு பயிற்சி கொடுத்தேன். தோற்ற அணியிலிருந்த முதலாமாண்டு மாணவன் ஒருவன் அன்றிரவு எழுதும் நாட்குறிப்பை எழுதச் சொன்னேன். வழக்கமாக அரைப்பக்கத்தில் முடித்துவிடுபவர்களும் பக்கத்தைத் திருப்பி எழுதினார்கள்.

மறுநாள் மனக்கணக்கில், கேள்வி சொன்னபின் மனத்துக்குள் பத்து எண்ணும்வரை எவரிடமும் விடை கேட்கவில்லை. பின்வரிசையிலும் சில கைகள் உயர்ந்தன. எல்லாக் கைகளும் உயரவில்லை. அவர்களுக்கு எங்கே, எந்த உயரத்தில் எடுத்துக் கொடுப்பது என்று இன்னும் பழகிக்கொண்டிருக்கிறேன்.