விட்டுவிட்டு வலுவிழக்கும் மோட்டார்ச் சைக்கிள்

முறைக்காய்ச்சல் கண்டவனைக் காய்ச்சல் விட்ட வேளையிற் காணும் மருத்துவனுக்கு அவன் நலமுடையவன் போலவே தோன்றுவான். நாடி ஒழுங்காக நடக்கும்; உடல் குளிர்ந்திருக்கும்; நோயுண்டென்பதற்கு நோயாளியின் சொல்லையன்றி வேறு சான்றிராது. மோட்டார்ச் சைக்கிளுக்கும் இத்தகைய நோயொன்றுண்டு. நன்றாக ஓடிக்கொண்டிருக்கும் வண்டி திடீரெனவோ மெல்லமெல்லவோ வலுவிழக்கும். சிறிது தூரம் தள்ளாடிச் சென்று நின்றும் போகும். பத்து நிமிடங் கழித்து உதைத்தால் யாதும் நிகழாதது போல மீண்டும் ஓடும். கராஜுக்குக் கொண்டு சென்றாலோ ஒரு குறையும் புலப்படாது. முற்றாகப் பழுதுற்று நின்ற வண்டியைத் திருத்துதல் எளிது; வந்துவந்து மறையுங் கோளாற்றைக் கண்டறிதலே அரிது. அதனைக் கண்டறியும் வழியை ஈண்டு ஆராய்வாம்.

கொழும்பில் இஃது உயிரோடும் பணத்தோடுந் தொடர்புடைய செய்தியாகும். காலி வீதியிற் பேருந்தொன்றை முந்த முயலுங் கணத்தில் எஞ்சின் வலுவிழப்பின், பின்னால் மற்றொரு பேருந்து வருமாயின், நேரக்கூடியது யாதென விரித்துரைக்க வேண்டுவதில்லை. வீடுதோறும் உணவுப்பொதி கொண்டு செல்லும் இளைஞனுக்கு வண்டி நின்ற நாள் வருவாயற்ற நாள். 2020ஆம் ஆண்டு மார்ச் மாதத்தில் நிறுத்தப்பட்ட வாகன இறக்குமதி 2025ஆம் ஆண்டிலேயே தனியார் வாகனங்களுக்கு மீண்டும் திறந்துவிடப்பட்டது. இடைப்பட்ட ஆண்டுகளிற் பலரும் பழைய வண்டிகளையே பேணி ஓட்டினர். பஞ்சிகாவத்தைக் கடைகளில் முதலிற் பிளக், அடுத்துக் கொயில், பின்னர் காபுரேற்றர் என ஒவ்வொன்றாய் வாங்கி மாற்றியும் கோளாறு மாறாது வருந்தியவர் தொகை சிறிதன்று. இம்முறையின் பிழை யாதெனின், புதிய கொயிலைப் பூட்டிய அன்று வண்டி நன்றாக ஓடுமாயின் கோளாறு தீர்ந்ததென மனம் நம்பிவிடுகிறது. தானே மறையும் இயல்புடைய கோளாறு அன்றுந் தானே மறைந்திருக்கலாம் என்பதை எவரும் எண்ணுவதில்லை.

எஞ்சின் வலுத் தருவதற்கு மூன்று வேண்டும். காற்றும் பெற்றோலும் தக்க அளவிற் கலந்து உருளையினுட் புகுதல் வேண்டும்; நிறையளவில் ஒரு பங்கு பெற்றோலுக்கு ஏறத்தாழ 14.7 பங்கு காற்று என்பது அக்கலவையின் அளவு. அக்கலவையை முசலம் நன்கு நெருக்குதல் வேண்டும். நெருக்கிய கலவையில் உரிய கணத்தில் தீப்பொறி எழுதல் வேண்டும். நான்கடிப்பு எஞ்சின் நிமிடத்துக்கு 6000 முறை சுழலும்போது இவை ஒரு செக்கனில் 50 முறை பிழையின்றி நிகழவேண்டும். இவற்றுள் எது தவறினும் வலு குன்றும்; எனினும் குன்றும் விதம் ஒன்றன்று. பெற்றோல் போதாத எஞ்சின் பசித்தவன் போல மெல்லமெல்லச் சோர்ந்து, விட்டுவிட்டு இழுத்து நிற்கும். தீப்பொறி அற்ற எஞ்சின் விளக்கணைந்தாற்போற் சட்டென அடங்கும். அற்ற தீப்பொறி மீளும்போது, எரியாது சைலன்சரிற் சேர்ந்த கலவை வெடித்தொலிப்பதும் உண்டு. ஓட்டுபவர் நினைவிற் கொள்ளவேண்டிய முதலாவது வேறுபாடு இதுவே.

இரண்டாவது, கோளாறு எந்நிலையைத் தொடர்ந்து வருகின்றது என்பது. காரணமின்றி வந்து காரணமின்றிப் போகும் கோளாறு உலகில் இல்லை. அது வெப்பத்தைத் தொடரலாம், வேகத்தைத் தொடரலாம், மழையை, குலுக்கத்தை, தாங்கியிலுள்ள பெற்றோலின் அளவைத் தொடரலாம். வெள்ளவத்தையிலிருந்து பம்பலப்பிட்டி, கொள்ளுப்பிட்டி, காலிமுகத்திடல், கோட்டை, புறக்கோட்டை என்பவற்றைக் கடந்து கொட்டாஞ்சேனை செல்லும் ஏறத்தாழப் பத்துக் கிலோமீற்றர் வழியை எடுத்துக்கொள்வோம். காலையில் வண்டி குளிர்ந்திருக்கின்றது. காலிமுகத்திடலருகே வீதி விரிந்து வேகங் கூடுகின்றது. புறக்கோட்டையின் நெரிசலிற் காற்று வீசாமையால் எஞ்சின் கொதிக்கின்றது. எனவே எவ்விடத்தில் வண்டி நின்றதென்பதே கோளாற்றின் பாதியைச் சொல்லிவிடும். ஒரு சிறு கொப்பியில் இடம், நேரம், வேகம், தாங்கியின் அளவு ஆகியவற்றை ஒரு வாரம் குறித்து வருதல் உதிரிப்பாகம் வாங்குவதிலும் பயனுடையது, செலவோ இல்லை.

காலிமுகத்திடலருகே வேகங் கூடியபோது சோர்ந்து, புறக்கோட்டையில் ஊர்ந்து செல்லும்போது குறையின்றி ஓடும் வண்டியில் முதலில் ஐயுறத்தக்கது பெற்றோல் வரும் வழி. அங்குந் தாங்கியின் மூடியையே முதலிற் பார்த்தல் வேண்டும். மூடியில் ஊசித்துளை போன்ற காற்றுவழியொன்று உண்டு. பெற்றோல் இறங்க இறங்க அதன் இடத்தை நிரப்பக் காற்று அவ்வழியே உட்புகும். தூசியோ துருவோ அதனை அடைப்பின், தாங்கியினுள் அமுக்கங் குறையும். காபுரேற்றருக்கு மேலே பெற்றோல் நிற்கும் உயரம் பெரும்பாலும் முப்பது சதமமீற்றருக்கு மேற்படாது. அவ்வுயரம் தரும் அமுக்கம் வளிமண்டல அமுக்கத்தின் நூற்றில் இரண்டு பங்கே. ஆதலின் உள்ளிருக்கும் காற்றின் அமுக்கம் நூற்றில் இரண்டு பங்கு குறைந்த மாத்திரத்தே பெற்றோல் இறங்காது நின்றுவிடும்.

இதனால் ஒரு விந்தை விளைகின்றது. தாங்கியில் இரண்டு இலீற்றர் காற்றிடம் இருப்பின் நாற்பது மில்லிலீற்றர் பெற்றோல் இறங்கிய பின்னரே அந்நிலை வரும்; தாங்கி நிறைந்து அரை இலீற்றர் இடமே இருப்பின் பத்து மில்லிலீற்றரிலேயே வந்துவிடும். துளை முற்றாக அடைபடாமையாலும் பெற்றோலின் ஆவி அமுக்கத்தை ஓரளவு ஈடுசெய்வதாலும் நடைமுறையிற் கணக்கு இவ்வளவு செப்பமாக அமைவதில்லை. எனினும் பெற்றோல் நிரப்பிய நாளிலேயே வண்டி அதிகமாக நிற்கின்றதெனக் கூறி, பெற்றோல் நிலையத்தை நொந்துகொள்வார் உளராயின், அவர் தம் மூடியை ஒருமுறை பார்த்துக்கொள்வது நன்று. சோதனையும் எளிது. வண்டி சோர்ந்த உடனே பாதுகாப்பாக ஓரங்கட்டி மூடியைத் திறத்தல் வேண்டும். காற்று உட்புகும் சீறல் கேட்டு, எஞ்சினும் சற்றைக்குள் இயங்குமாயின் ஐயத்துக்கு இடம் மிகக் குறைவு. பத்து நிமிடங் கழித்துத் திறந்தாற் பயனில்லை. அதற்குள் காற்று மெல்லக் கசிந்து புகுந்திருக்கும்.

மூடி குற்றமற்றதாயின் அடுத்து நோக்கவேண்டியது துருவும் நீரும். 2022ஆம் ஆண்டின் எரிபொருட் பஞ்சத்தில் இலங்கையின் மோட்டார்ச் சைக்கிள்கள் நீண்டநாள் வற்றிய தாங்கிகளோடு நின்றன. கியூஆர் முறை தொடங்கியபோது அவற்றுக்கு வாரத்துக்கு நான்கு இலீற்றரே கிடைத்தது. வெறுந் தாங்கியின் சுவரில் ஈரக்காற்றிலுள்ள நீர் படிந்து துருவை வளர்க்கும். துருப்பொடி ஓட்டத்தோடு எழுந்து வடியை அடைக்கும். வண்டி நின்றதும் கீழே படிந்து வழிவிடும். நீர்த்துளியோ பெற்றோலினும் பாரமுடையதாய் மிதவைக் கிண்ணத்தின் அடியிற் கிடந்து, சமயம் பார்த்து ஜெற்றின் துளையில் ஏறும். கிண்ணத்தின் திருகாணியைத் தளர்த்திப் பெற்றோலை ஒரு கண்ணாடிக் குவளையில் வடித்தால் நீர் அடியில் மணிமணியாய்த் தெரியும். எஞ்சின் ஆறிய பின்னரே, தீயும் புகையிலையும் அருகில் இல்லாத வெளியிடத்தில் இதனைச் செய்தல் வேண்டும்.

இனி, குளிர்ந்தபோது நன்றாக ஓடி, புறக்கோட்டை நெரிசலைக் கடந்து கொட்டாஞ்சேனையை அணுகும்போது சட்டென அடங்கும் வண்டியை நோக்குவாம். இங்கு வெப்பமும் தீப்பொறியும் ஐயத்துக்குரியன. கொயிலினுள் மயிரினும் மெல்லிய செப்புக்கம்பி பல்லாயிரஞ் சுற்றாய் அமைந்துள்ளது. அதில் ஓரிடத்தில் நுண்ணிய முறிவு இருப்பின், குளிர்ந்தபோது முனைகள் தொட்டுக்கொண்டிருக்கும். சூடேறிப் பொருள் விரியும்போது பிரியும். தீப்பொறியின் காலத்தைக் குறித்துக்காட்டும் சிறுசுருள் எஞ்சினை ஒட்டியே இருப்பதால் இந்நோய் அதற்கும் உண்டு. பழைய வண்டிகளில் ஒடுக்கியும் இவ்வாறே சூட்டிற் கெடும். காலையிற் குளிர்ந்த கொயிலைப் பல்மானியால் அளந்து சரியென்று கூறுதல், காய்ச்சல் விட்ட நோயாளியை நலமென்று கூறுதலேயாகும். நின்ற கணத்தில், சூடாறுமுன் அளத்தல் வேண்டும். செப்பின் தடை 30 பாகையிலிருந்து 100 பாகைக்கு ஏறும்போது கால்பங்குக்குச் சற்று மேலாகக் கூடுதல் இயல்பே. அதனைக் கோளாறென மயங்கலாகாது. பல மடங்கு கூடினாலோ, முற்றாக அறுந்ததெனக் காட்டினாலோ குற்றம் அங்கேயே உள்ளது.

பிளக்கைக் கழற்றி எஞ்சினின் உடலிற் சாய்த்துத் தீப்பொறி பார்க்கும் வழக்கம் யாவரும் அறிந்தது. அது பயனுடையதாயினும் முழுமையான சான்றன்று. வளியின் அமுக்கங் கூடக்கூடத் தீப்பொறி தாவுதற்கு வேண்டும் மின்னழுத்தமுங் கூடும். வெளிக்காற்றில் நீலமாய்த் தாவும் பொறி, உருளையின் நெருக்கத்திலே தாவாதொழியலாம். அக்சிலேற்றரை முற்றத் திருகியபோது மட்டும் வண்டி திக்குவதற்கு இதுவும் ஒரு காரணம். இச்சோதனையின்போது பிளக்கின் துளைவாயிலாக வெளிவரும் பெற்றோலாவி தீப்பற்றக்கூடும் என்பதையும் மறத்தலாகாது.

வெள்ளவத்தை கடலோரத்து ஊர். உப்புக்காற்று வயர் இணைப்புகளிற் பச்சை பூக்கச் செய்யும். தென்மேற்குப் பருவமழை அதனை நனைக்கும். வண்டி குலுங்கும்போதோ கைபிடியைத் திருப்பும்போதோ எஞ்சின் அற்றுப்போமாயின், கழுத்துப் பகுதியில் வளைந்து வளைந்து உறையினுள்ளே முறிந்த வயரையும், பற்றரி முனைகளையும், சட்டகத்தோடு பூட்டிய புவித்தொடுப்பையும் பார்த்தல் வேண்டும். எஞ்சினை நிறுத்திய நிலையில் ஓட விட்டுக் கைபிடியை இடமும் வலமும் முற்றத் திருப்பினால் உண்மை வெளிப்படும். எஞ்சின் அறும் கணத்தில் ஹோர்னும் மங்குகின்றதா என்பதுங் கேட்கத்தக்கது.

வால்வின் இடைவெளி மிகக் குறைந்திருப்பின் சூட்டில் வால்வு முற்றாக மூடாது நெருக்கம் குன்றும். எஞ்சின் சுழற்சி ஏறியும் வண்டி ஏறாவிடின் கிளச் வழுக்குகின்றது. சக்கரம் கைசுடச் சூடேறின் பிறேக் பிடித்திருக்கின்றது. எரிபொருளைப் பீச்சும் புதுமுறை வண்டிகள் தம் கோளாறுகள் சிலவற்றைத் தாமே பதிந்துவைத்து விளக்கின் மூலம் காட்டுகின்றன; ஆனால் மூடியின் துளையோ முறிந்த வயரோ அவ்விளக்குக்கு எப்போதும் புலப்படுவதில்லை.

காரணங் கண்டு பாகத்தை மாற்றிய பின் ஒருசில நாள் நன்றாக ஓடியது என்பதோடு அமையாது, ஒரு படி மேலுஞ் செல்லலாம். பழைய மூடியையோ பழைய கொயிலையோ மீண்டும் பூட்டி, நெரிசலற்ற ஒரு ஞாயிறு அதிகாலையில், வீதியின் ஓரமாக அதே வழியில் ஓட்டிப் பார்த்தல் வேண்டும். கோளாறு அதே இடத்தில், அதே விதத்தில் திரும்ப வருமாயின் பழியை அப்பாகத்தின் மேல் ஏற்றலாம். வாராவிடின், கொப்பியை மீண்டும் திறக்க வேண்டியதே.